அறுந்த கம்பியின் அந்தப் பக்கம்

நாற்பது வயதைத் தாண்டியும் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா ஒருத்தி உயிரோடு இருக்கும்வரை தங்கை பெரியவளாக முடியாது, என்ன செய்வது? வேலையிடத்தில் அவளுக்கு வேறு பெயர். மின்சார ஆபீசில் போய் 'இன்னொருதரம்' எங்கே என்று கேட்டால், வாசலில் நிற்கிற டிரைவர்கூட அவளைக் கை காட்டிவிடுவார்.

லைனில் கை வைக்கும்முன் அதில் மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்ப்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். சின்னவள் சோதித்ததை மறுபடியும் சோதிப்பாள். ஏணியை நகர்த்தினால் இன்னொரு தரம் பார். தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தால் இன்னொரு தரம் பார். "யாராவது தும்மினாக்கூட இன்னொரு தரம்தான்" என்று குருவி கேலி செய்வான்.

குருவி அவளோடு வேலை செய்பவன். பெயரைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். ஆள் பீரோ மாதிரி இருப்பான். ஆனால் கம்பத்தில் ஏற ஆரம்பித்தால் அத்தனை உடம்பும் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது, கண்ணை மூடித் திறப்பதற்குள் உச்சியில் உட்கார்ந்திருப்பான். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. மேலே இருந்தபடியே வீட்டுக்குப் போன் போட்டு, சின்னது சாப்பிட்டதா என்று கேட்பான்.

நான் சொல்ல வருகிற அன்றைக்குச் சின்னவள்தான் குழுவுக்குப் பொறுப்பு. பொறுப்பேற்ற முதல் நாள். பொறுப்பு என்றால் வேறொன்றும் இல்லை, கம்பத்தடியில் நின்று 'தொடலாம்' என்று சொல்வது. அந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரும்வரை யாரும் கம்பியில் விரல் வைக்கக்கூடாது. வந்த பிறகு ஏறியவனுக்கு ஏதாவது ஆனால், அந்தச் சொல்லை ஆயுசுக்கும் அவள்தான் சுமக்க வேண்டும். வருஷக்கணக்காக அடுத்தவர் சொல்லக் கேட்டு ஏறியவள், இன்று தானே சொல்லப் போகிறாள். காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டபோது அவளுக்கே கொஞ்சம் மிடுக்காகத்தான் இருந்தது.

மழையில்லாத வெறும் காற்று விடிந்ததிலிருந்து ஊரைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஒரு தெருவில் மரக்கிளை முறிந்து லைனில் விழுந்து, கம்பி ஒன்று அறுந்துவிட்டது என்று தகவல் வந்தது. எந்தத் தெரு என்று சின்னவள் இரண்டு தரம் கேட்டாள். அக்கா இருக்கிற தெரு.

அக்கா தெருக்கோடியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கோழிக்குஞ்சு பொரிக்கிறாள். ஆள் உயரப் பெட்டி, அதற்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறைய முட்டைகள். பெட்டிக்குள் சூடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் உள்ளே இருக்கிற உயிர் அடங்கிவிடும். போன தடவை அப்படித்தான் நீண்ட நேரம் கரண்ட் போய், ஒரு பெட்டி முட்டையும் கல்லாய்ப் போயிற்று. அக்கா அன்றைக்கு அழவில்லை. ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் குழியில் வைத்தாள், அவ்வளவுதான். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று சின்னவளுக்குத் தோன்றியது.

இந்தத் தடவை முட்டைகள் பொரிக்கிற நாளுக்கு வந்துவிட்டன. காலையில் அக்கா பெட்டியில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள், ஓட்டுக்குள்ளிருந்தே கீச் கீச் என்று சத்தமாம். சில ஓடுகளில் உள்ளேயிருந்து மூக்கால் குத்திய கீறலும் விழுந்துவிட்டதாம். அதையெல்லாம் போனில் சொல்லி, பெட்டியைக் கம்பளியால் போர்த்தி வைத்திருக்கிறேன், சீக்கிரம் வா என்றாள். பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதே, இருக்கிற சூடும் போய்விடும் என்று சொல்லிவிட்டுத் தங்கை வண்டியில் ஏறினாள்.

தெரு முனையில் டிரான்ஸ்பார்மர். நடுவில் அந்த மரம். மரத்தைத் தாண்டித் தெருக்கோடியில் இரண்டே கட்டடம், பூட்டிக் கிடக்கிற ஒரு கிடங்கும் அதற்குப் பின்னால் அக்கா வீடும். முறிந்த கிளை இரண்டு கம்பங்களுக்கு இடையில் சாய்ந்து கிடந்தது. அறுந்த கம்பியின் ஒரு பாதி டிரான்ஸ்பார்மர் பக்கமாகத் தரையில் விழுந்திருந்தது. அக்கா வீட்டுப் பக்கத்துப் பாதி கிளையில் மாட்டிக்கொண்டு, கொடியில் மறந்துவிட்ட துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

சின்னவள் முதல் வேலையாக டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ்களைப் பிடுங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள். ஃபியூஸ் அவள் பையில் இருக்கும்வரை எவரும் அவசரப்பட்டுக் கரண்ட் விட முடியாது. பிறகு சோதனை. நீளமான கோலின் நுனியில் சின்ன விளக்கு, மின்சாரம் இருந்தால் எரிந்து கத்தும். அந்த விளக்கே உயிரோடு இருக்கிறதா என்று பக்கத்துத் தெரு லைனில் வைத்துப் பார்த்துவிட்டு, அறுந்த கம்பியின் இரண்டு பாதியிலும் வைத்துப் பார்த்தார்கள். எரியவில்லை. விழுந்து கிடந்த பாதிக்கு எர்த் போட்டார்கள். அதாவது, கம்பியிலிருந்து தரைக்குள் ஒரு தடித்த கம்பியை இறக்கிவிடுவது. தப்பித் தவறி எங்கிருந்தாவது மின்சாரம் வந்தாலும் ஆளைத் தொடாமல் நேரே மண்ணுக்குப் போய்விடும்.

அந்தப் பக்கப் பாதிக்கும் எர்த் போட வேண்டும் என்றாள் சின்னவள்.

அந்தக் கம்பத்தடியில் எர்த் இறக்க வசதியில்லை. வண்டியிலிருந்து இரும்புக் கழியை எடுத்து வந்து, கெட்டித் தரையில் அடித்து இறக்க வேண்டும். டிரைவர் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். குருவி வானத்தைப் பார்த்தான்.

"ஏன்க்கா, கரண்ட் டிரான்ஸ்பார்மர்லருந்துதானே வரணும்? ஃபியூஸ் உங்க பையில இருக்கு. அந்தப் பக்கம் என்ன இருக்கு, கோழிதானே? கோழிகிட்டருந்தா கரண்ட் வரப் போகுது?"

டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கழியை எடுத்துவரச் சொன்னாள்.

கழியை அடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் மறுபடியும் வந்தது. தெருவில்தானே நிற்கிறாய், சுத்தியல் சத்தம் எனக்குக் கேட்கிறது, கம்பியைச் சேர்க்காமல் என்னத்தை இடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். பெட்டியில் சூடு காட்டுகிற முள் இறங்கிக்கொண்டே வருகிறதாம், கீச் சத்தம் மங்கிப்போய்விட்டதாம். முறை என்று ஒன்று இருக்கிறது என்று சின்னவள் ஆரம்பித்தாள். அக்கா முடிக்க விடவில்லை.

"ஊருக்கெல்லாம் முறை சொல்லு, வேண்டாம்னு சொல்லலை. எனக்கு நீ தங்கச்சியா, ஆபீஸ்காரியா? அதை மட்டும் சொல்லு."

சின்னவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"நீ மெதுவா வா. உன்னை நம்பினா ஆகாதுன்னுட்டு உங்க அத்தானே ஏதோ பண்றேன்னு போயிருக்கார்." போன் வைக்கப்பட்டுவிட்டது.

அக்காவுக்கு அந்த முட்டைகள் என்ன என்று தங்கைக்குத் தெரியாதா? இன்னொரு பெட்டி கல்லாய்ப் போனால் அக்கா ஷெட்டையே இழுத்து மூடிவிடுவாள். பெற்றவள் போன பிறகு தலை பின்னி, சட்டை தைத்து, கம்பம் ஏறுகிற வேலை கிடைத்தபோது உறவுக்காரர்கள் வாயையெல்லாம் அடைத்து அனுப்பிவைத்தவள் அந்த அக்கா. 'தொடலாம்' என்று இப்போதே சொல்லிவிட்டால் குருவி நொடியில் கம்பியைச் சேர்த்துவிடுவான். ஒரு சொல்தான். அது தொண்டைவரை வந்து நின்றது.

நின்றதைச் சின்னவள் விழுங்கிவிட்டாள். ஏறுகிறவன் குருவி, குருவிக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தவிர, அத்தானே ஏதோ பண்ணுகிறார் என்ற பேச்சு அவளுக்குப் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. அத்தான் தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவர். தையல் மிஷினுக்கும் விமானத்துக்கும் வித்தியாசம் சக்கரம்தான் என்று நினைக்கிற ஆள். மச்சினியைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமைகூடச் சாப்பிடும்போது, கரண்டை நம்பினாலும் என் மச்சினியை நம்பினாலும் ஒன்றுதான், இரண்டும் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும் என்றார். மைக்செட் கடைக்காரரிடம் ஜெனரேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, வாங்கிவைக்கப் போகிறேன் என்றும் அப்போது சொன்னார். லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் சேர்க்கவே கூடாது, வாங்கி வையுங்கள், நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். குழம்புக்கு ஆட்டினாரா, அவள் பேச்சுக்கு ஆட்டினாரா என்று இப்போது சந்தேகமாக இருந்தது.

கழி இறங்கியாயிற்று. குருவி அந்தப் பக்கக் கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறிவிட்டான். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கம்பியை முறுக்க வராது என்று அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டான். கிளையில் ஆடிக்கொண்டிருந்த கம்பி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"அக்கா, எர்த்தை மேல குடுங்க. மாட்டிட்டு இதையும் இழுத்துடறேன்."

"கோலை வாங்கிக்கோ. இன்னொரு தரம் பாரு."

"இப்பத்தானேக்கா பார்த்தோம்."

"கழி அடிக்கறதுக்கு முன்னாடி பார்த்தது. இப்பப் பாரு."

குருவி கீழே குனிந்து டிரைவரைப் பார்த்தான். நான் சொல்லலையா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். கோலை வாங்கி, கம்பியைப் பார்க்காமல், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு நீட்டினான்.

விளக்கு எரிந்தது. கத்தியது.

ஒரு சின்ன விளக்கு. குருவி நீட்டிய கோலை அசைக்காமல் அப்படியே நின்றான். ஃபியூஸ் பிடுங்கிய லைன், கரண்ட் வர வழியே இல்லாத பக்கம், அதில் ஆளைச் சாகடிக்கிற அளவுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"குருவி, கையை மடக்கிக்கோ. பார்த்து இறங்குப்பா."

அவன் இறங்கினான். அன்றைக்குத்தான் அவன் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கி அவர்கள் பார்த்தது. கீழே வந்து கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"கோழிகிட்டருந்துதான்க்கா வந்திருக்கு" என்றான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். குரல் சிரிக்கவில்லை.

யாரையும் கம்பத்துக்குக் கிட்டே விடாதீர்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுச் சின்னவள் நடந்தாள். கண்ணால் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். கம்பத்திலிருந்து ஒரே ஒரு வயர் பிரிந்து கிடங்குக்கு மேலாக அக்கா வீட்டுக்குப் போகிறது. கிடங்குச் சுவரைத் தாண்டியதும், இத்தனை நேரம் காற்று மறைத்து வைத்திருந்த சத்தம் காதில் விழுந்தது. டுபுடுபுவென்று ஜெனரேட்டர்.

ஷெட் வாசலில் அத்தான் இடுப்பில் கை வைத்து, உலகத்தை வென்றவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அக்கா பெட்டியருகில் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு, மின்விசிறி, பெட்டி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

"பார்த்தியா மச்சினி, நீ வர்றதுக்கு முன்னாடியே கரண்ட் வந்தாச்சு."

சின்னவள் நேரே போய் ஜெனரேட்டரை நிறுத்தினாள். அதன் பிறகுதான் வயரைத் தொட்டாள். அத்தான் தன் கையாலேயே செய்த வயர் அது. இரண்டு முனையிலும் பிளக். ஒரு தலையை ஜெனரேட்டரில் செருகி, இன்னொரு தலையை ஷெட் சுவரிலிருந்த சாக்கெட்டில் செருகியிருந்தார். ஒரே செருகலில் ஷெட் முழுக்க வெளிச்சம். நல்ல மூளைதான். ஆனால் சுவருக்குள் போன மின்சாரத்துக்கு ஷெட்டோடு நிற்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுப்பது? அது வந்த வழியே மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்கு ஏறிவிட்டது.

"அடியே, உள்ளே குஞ்சுங்கடி" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. பெட்டியோட பிளக்கைச் சுவத்துலருந்து எடுத்து என்கிட்ட குடு."

அக்கா கொடுத்தாள். ஜெனரேட்டரிலேயே செருக இடம் இருந்தது. பெட்டியின் வயரை நேராக அதில் செருகி, சுவரோடு எந்த ஒட்டும் இல்லாமல், ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. ஷெட் இருட்டாக இருந்தாலும் முட்டைக்குச் சூடு கிடைத்துவிட்டது. பிறகு ஷெட்டின் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கி, தன் பூட்டை அதில் மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான்மா போட்டேன்" என்றார் அத்தான். "எனக்கு அதுகூடவா தெரியாது?"

"எந்த மெயினை?"

"வீட்டு மெயினை."

"இது ஷெட் மெயின் அத்தான். தனி மீட்டர், தனி மெயின். நீங்கதான் அன்னைக்குக் கேட்டு வாங்கினீங்க."

அத்தான் பூட்டைப் பார்த்தார். பக்கத்திலிருந்த வீட்டு மெயினைப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெயின், அவசரத்தில் கை பழகினதன் மேலேயே போயிருக்கிறது.

சின்னவள் சத்தம் போடவில்லை. "கம்பத்துல ஒரு ஆள் இருந்தார் அத்தான்" என்றாள்.

அக்கா இரண்டு தலை வயரையும் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கைக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

கம்பத்தடியில் குருவி எழுந்து நின்றிருந்தான். கையுறையை மாட்டப் பார்க்கிறான், விரல் இடம் மாறி மாறிப் போகிறது. சின்னவள் அதைக் கவனித்தவளாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"குருவி, இன்னைக்குக் கீழே நின்னு என்னைப் பார்த்துக்கோ. நான் ஏறறேன். தொடலாமான்னு நீ சொல்லு."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் முதுகு நிமிர்ந்தது. சோதிக்கச் சொன்னான். விளக்கு எரியவில்லை. "இன்னொரு தரம்க்கா" என்றான், கேலி கொஞ்சமும் இல்லாமல். மறுபடியும் எரியவில்லை. எர்த்தை மாட்டச் சொன்னான், மாட்டினாள். "தொடலாம்."

தங்கை கம்பத்தில் இருப்பதை அக்கா அதுவரை பார்த்ததேயில்லை. பார்க்க மனசு கேட்காது என்பாள். இப்போது கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். பெல்ட்டில் சாய்ந்து, காற்றில் சட்டை படபடக்க, சின்னவள் கிளையிலிருந்து கம்பியை விடுவித்தாள், இழுத்துப் பிடித்தாள், முனைகளைச் சேர்த்து அழுத்தினாள். கைகள் சமையலறையில் பழகிய கை மாதிரி அவசரமில்லாமல் ஓடின. கீழே தெருக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் எவ்வளவு நேரம், மாவு அரைக்கணும், மோட்டார் போடணும் என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். மேலே இருந்தவளுக்கு அந்தச் சத்தத்துக்குள்ளே அக்காவின் குரல் தனியாகக் கேட்டது.

"என் தங்கச்சி வேலையில இருக்கா. இறங்கற வரைக்கும் யாரும் அவளுக்குப் பேச்சுக் குடுக்காதீங்க. மாவு எங்கேயும் ஓடிப் போயிடாது."

தெரு அடங்கிவிட்டது. அக்கா சொன்னால் அப்படித்தான். சின்னவள் முடிச்சை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்த மாதிரி தோளில் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் கீழே இருக்கிறார்களா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, எர்த்தைக் கழற்றி, பையிலிருந்த ஃபியூஸ்களை மாட்டினார்கள். தெருவில் மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. சின்னவள் தன் கையாலேயே பூட்டைத் திறந்து, பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். அக்கா பெட்டியில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் தூக்கி, இரு, இரு என்று காட்டினாள். கேட்டுவிட்டது போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

குஞ்சுகள் எல்லாம் ஓட்டை உடைத்து வந்து, உலர்ந்து, பஞ்சு மாதிரி ஆன பிறகு குருவியும் சின்னவளும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை மாட்டப் போனார்கள். அத்தானே கடைக்குப் போய் அதை வாங்கி வைத்திருந்தார். இரண்டு தலை வயரை நடுவில் இரண்டாக நறுக்கி, தன் ரிப்பேர் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறாராம். யார் என்னவென்று கேட்டாலும் பிடித்து உட்காரவைத்து, இதால் நான் ஒரு ஆளைக் கொன்றிருப்பேன், என் மச்சினி விடவில்லை என்று ஆரம்பித்துவிடுகிறாராம். ஜெனரேட்டர் வைத்திருக்கிற கடை ஒன்றையும் பாக்கி விடவில்லையாம். அவர் முட்டாள்தனத்தை அவரே தண்டோரா போடுகிறார், அதில் தங்கச்சி புராணம் வேறு என்று அக்கா சலித்துக்கொண்டாள். சலிப்பு மாதிரியும் இல்லை.

வேலை முடிந்ததும் அக்கா ஒரு தட்டை வெளியே இழுத்தாள். தட்டு முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கீச் கீச்சென்று ஒரே ரகளை. குருவி குனிந்து, தன் பீரோ உடம்பைச் சின்னதாக்கிக்கொண்டு, ஒன்றைத் தூக்கக் கையை நீட்டினான். நீட்டியவன் பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தான்.

"என்னைப் பார்த்தா?" என்றாள் அக்கா. "பொறுப்பு அவ. அவகிட்டக் கேளுங்க."

குருவி திரும்பினான். சின்னவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தட்டை ஒரு தரம் பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள்.

"தொடலாம்" என்றாள்.